விழுந்தோரும் அவர்தம் வீட்டாரும்

கி.பி. 249-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அரியணை ஏறிய உரோமைப் பேரரசன் தேசியுஸ், குடிகள் அனைவரும் தேவர்களுக்குப் பலியிட்டு, மதுவை வார்த்து, பலியுணவைச் சுவைத்து, அதற்கென அமர்த்தப்பட்ட குழுவினரிடம் சான்றுச்சீட்டுப் பெற வேண்டும் என ஆணை பிறப்பித்தான். அச்சீட்டுகளுள் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்தில் பாப்பிரசுத் தாள்களாகக் கிடைத்துள்ளன. விண்ணப்பித்தவரின் பெயரும் ஊரும், சிலவற்றில் வயதும் உடலிலுள்ள தழும்பும் குறிக்கப்பட்டு, தாம் என்றும் தேவர்களுக்குப் பலியிட்டு வந்தவர் என்ற உறுதிமொழியும் அதிகாரியின் கையொப்பமும் அவற்றில் காணப்படுகின்றன. அடக்குமுறை ஓய்ந்த பின் திருச்சபையின் முன் எழுந்த சிக்கல், உயிர்நீத்த மறைசாட்சிகளைப் பற்றியதன்று. இச்சீட்டைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பியவர்களைப் பற்றியது.

வட ஆப்பிரிக்காவின் முதன்மை நகரான கார்த்தேஜில் அவர்களே பெரும்பான்மையினர். அந்நகர ஆயர் சிப்பிரியான் 251-இல் எழுதிய நூலின்படி, கைது செய்யப்படும் முன்னரே மக்கள் தாமாகப் பலிபீடத்தை நோக்கி ஓடினர். பொழுது சாய்ந்துவிட்டது, நாளை வாருங்கள் என்று அதிகாரிகள் சொல்லியும், இன்றே முடித்துவிடுமாறு பலர் மன்றாடினர். பலியிட்டோர், சாம்பிராணி மட்டும் இட்டோர், எதுவும் செய்யாமல் பணம் கொடுத்துச் சீட்டு வாங்கியோர் எனப் பல வகையினராயினும், ‘விழுந்தோர்’ என்று பொருள்படும் ஓர் இலத்தீன் பெயரே இவர்கள் அனைவருக்கும் வழங்கியது. இவ்வீழ்ச்சி பெரும்பாலும் தனியாள் வீழ்ச்சியாக இருக்கவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. கைக்குழந்தையைச் செவிலி பலிபீடத்துக்குத் தூக்கிச் சென்றதும், போனா என்ற பெண்ணைக் கணவனே இழுத்துச் சென்று, பிறர் அவள் கைகளைப் பற்றிப் பலியிடச் செய்ததும், தான் அதைச் செய்யவில்லை என்று அவள் கூவி நாடு கடத்தப்பட்டதும் அக்கால ஏடுகளில் பதிவாகியுள்ளன. ஒரே கூரையின் கீழ் நின்றவரும் விழுந்தவரும் வாழ நேர்ந்தது.

விழுந்த உறவினரை என்செய்வது என்ற வினாவுக்கு அக்காலத்தவர் அளித்த விடையைச் சிப்பிரியானின் மடல் தொகுப்பில் இடம்பெற்றுள்ள ஒரு கடிதம் தெளிவாகக் காட்டுகிறது. அதை எழுதிய செலெரினுஸ் சாதாரண மனிதரல்லர். பாட்டி செலெரினாவும் ஒரு சிற்றப்பனும் ஒரு தாய்மாமனும் முன்னரே மறைசாட்சிகளாக இறந்த குடும்பத்தில் பிறந்து, உரோமையில் பத்தொன்பது நாள் விலங்கில் கிடந்து, நம்பிக்கையைக் கைவிடாமல் மீண்டவர். அத்தகையவரின் சகோதரியரே விழுந்துவிட்டனர். 250-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவின் மகிழ்ச்சி நாள்களில் தாம் கோணி உடுத்திச் சாம்பலில் அமர்ந்து இரவும் பகலும் அழுததாகக் கார்த்தேஜ் சிறையிலிருந்த நண்பர் லூசியானுசுக்கு அவர் எழுதுகிறார். சகோதரியர் இருவருள் ஒருத்தி பலியிடாதிருக்கப் பணம் கொடுத்தாள் என்பதையும், பலிமேடைக்குச் செல்லும் வழியில் மூன்று ஊழ்த்தெய்வங்களின் சிலை வரை ஏறிப் பின் இறங்கிவிட்டாள் என்பதையும் ஒரு வழக்கறிஞர் போலக் குறிப்பிடுகிறார். நூமேரியா, காந்திதா என்னும் அவ்விரு பெண்களும், கார்த்தேஜிலிருந்து வந்திறங்கிய அறுபத்தைந்து பேரை வரவேற்றுப் பேணி வருகின்றனர் என்பதையும் சேர்த்துச் சொல்லி, சிறையில் முதலில் உயிர்விடுபவர் அவர்களுக்கு மன்னிப்பு வழங்க வேண்டும் என்று கேட்கிறார். உரோமையில் ஆயர் ஃபபியான் கொல்லப்பட்டு இருக்கை வெறுமையாய் இருந்தமையால், புதிய ஆயர் அமரும் வரை அப்பெண்கள் காத்திருக்குமாறு அங்குள்ள மூப்பர்கள் பணித்திருந்தனர். செலெரினுஸ் அத்தீர்ப்பை மீறவுமில்லை, தம் வேண்டுகோளை நிறுத்தவுமில்லை. வீழ்ச்சியை வீழ்ச்சி என்றே அழைத்து அழுதவர், அதனாலேயே உறவை விட்டுவிடவில்லை.

லூசியானுஸ் தயங்காமல் இணங்கினார். பசியாலும் தாகத்தாலும் கொல்லுமாறு இரண்டு அறைகளில் அடைக்கப்பட்டிருந்தவர்களுள் ஒருவரான அவர், கேட்பவர் எவராயினும் தம் பெயரால் ‘சமாதானம்’, அதாவது சபையின் ஐக்கியத்தில் மீண்டும் சேரும் உரிமை, வழங்குமாறு மறைசாட்சி பவுலுஸ் இறக்குமுன் தம்மைப் பணித்ததாகக் கூறினார். எனினும் அவர்களின் வழக்கு ஆயர்முன் கேட்கப்பட்டு, அவர்கள் பாவ அறிக்கை செய்த பின்னரே அது நடக்க வேண்டும் என்றும் எழுதினார். ஆனால் இவ்வழக்கம் விரைவில் எல்லை கடந்தது. இன்னாரும் அவரைச் சேர்ந்தவர்களும் ஐக்கியத்தில் இருக்கட்டும் என்று மட்டும் எழுதப்பட்ட சீட்டுகள் வெளிவர, உறவினர், சம்பந்திகள், விடுதலை பெற்ற அடிமைகள், வீட்டுப் பணியாளர் என்ற பெயரில் இருபது முப்பது பேர் ஒரே சீட்டைக் காட்டி நுழைய முற்பட்டதைச் சிப்பிரியான் கடுமையாகக் கண்டித்தார். பேரரசின் சீட்டால் விழுந்தவர்கள் மற்றொரு சீட்டால் எழ முயன்றது வரலாற்றின் வேடிக்கைதான். ஆயினும் இதனை வெறும் முறைகேடு என ஒதுக்குவது பிழை. சிறையில் பசித்துக் கிடந்தோர் தம் துன்பத்தின் பயனைத் தம்மவர்க்கு ஈந்துவிட விரும்பினர் என்பதே அதன் உட்கருத்து. சிப்பிரியானின் குறை, அந்த அன்பைப் பற்றியதன்று, ஆளறியாமல் அது வாரி வழங்கப்பட்டதைப் பற்றியது. செலெரினுசின் அடக்கத்தை அவர் புகழ்ந்தார். பின்னர் அவரையே கார்த்தேஜ் சபையில் மறைநூல் வாசகராகவும் அமர்த்தினார்.

251-இல் கூடிய ஆயர் மன்றம் ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியே ஆய்ந்து, சீட்டு மட்டும் வாங்கியோரைச் சேர்த்துக்கொள்ளவும், பலியிட்டோரை நெடுநாள் தவத்தில் வைத்து, சாகும் தறுவாயில் ஏற்கவும் முடிவு செய்தது. எவரையும் ஏற்கலாகாது எனப் பிரிந்து நின்ற நோவாத்தியானின் தரப்புக்கு எதிராக, ஆயர் அந்தோனியானுசுக்கு எழுதிய மடலில் சிப்பிரியான் ஒரு நுண்ணிய வேறுபாட்டைக் காட்டுகிறார். மனைவி மக்களையும் வீட்டாரையும் தன்னோடு பலிபீடத்துக்கு இழுத்துச் சென்றவனும், தான் ஒருவனே சென்று பலியிட்டு அவர்களனைவரையும் காத்தவனும் ஒரே தட்டில் நிறுக்கத்தக்கவரல்லர் என்பது அவர் வாதம். பின்னவன் வீட்டில் நாடு கடத்தப்பட்டோர் பலர் அடைக்கலம் பெற்றதையும் அவர் எண்ணிப் பார்க்கிறார். முன்னர் செலெரினுஸ் தம் சகோதரியருக்காக எடுத்துரைத்த வாதமும் ஏறத்தாழ இதுவே.

பின்னர் மற்றோர் அடக்குமுறை நெருங்கியபோது, 42 ஆயர்கள் உரோமை ஆயர் கொர்னேலியுசுக்கு மடல் எழுதி, தவத்தில் நிலைத்திருந்த அனைவரையும் சாவுவரை காத்திருக்க வைக்காமல் உடனே சேர்த்துக்கொள்ளத் தீர்மானித்ததை அறிவித்தனர். கிறிஸ்துவின் கிண்ணத்தில் பருகத் தடுக்கப்பட்டவரிடம் அவருக்காக இரத்தம் சிந்தும்படி கேட்க இயலாது என்பது அவர்கள் காட்டிய காரணம். சாகும் தறுவாயில் இருப்போர் எவருக்கும் இறுதி நற்கருணை மறுக்கப்படலாகாது என்ற பழைய விதியை 325-இல் நிசேயாப் பொதுச்சங்கம் தன் பதின்மூன்றாம் சட்டத்தில் உறுதிப்படுத்தியது.