ஆங்கில நாட்டில் ஏவற்பெண்டிரும் சிசுக்கொலைச் சட்டமும்

ஒரு நாட்டின் முற்காலக் குடும்ப வாழ்வை அறிய விழைவோர் அந்நாட்டு அரசர் வரலாறுகளையும் புலவர் நூல்களையும் ஆராய்தல் மட்டும் போதாது. நியாயத்தலங்களிற் குவிந்து கிடக்கும் வழக்குக் குறிப்புக்களையும் நோக்குதல் வேண்டும். மனைவாயிலுக்குள்ளே மறைவாய் நிகழ்ந்தவை வெளிப்படும் இடம் அதுவே. பெண்மக்கள் திறத்தில் இவ்வுண்மை பின்னும் பொருந்தும். அக்காலத்துப் பெண்டிருட் பெரும்பாலார் எழுத்தறியாதவர் ஆதலின், ஏழைப்பெண் ஒருத்தியின் சொல் நம்மளவும் வந்து சேர்வது பலகால் குற்றவாளிக் கூண்டிலிருந்தேயாம். இக்கருத்தோடு 16, 17, 18-ஆம் நூற்றாண்டுகளின் இங்கிலாந்தைச் சிறிது நோக்குவோம்.

அந்நாளில் ஆங்கிலக் குடும்பம் ஒரு சிற்றரசாகவே கருதப்பட்டது. வீட்டுத் தலைவன் அதன் அரசன்; மனைவியும் மக்களும் ஏவலாளரும் அதன் குடிகள். இது வெறும் உவமையன்று. சட்டமே அங்ஙனம் கூறிற்று. 1352-ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவி கணவனைக் கொல்லுதலும், ஏவலாள் எசமானனைக் கொல்லுதலும் ‘சிறு இராசத் துரோகம்’ எனப் பெயர் பெற்றன. கணவன் மனைவியைக் கொன்றால் அது கொலை மட்டுமே, அவனுக்குத் தூக்கு. மனைவி கணவனைக் கொன்றால் அவளுக்குத் தீ. தீ மூட்டுமுன் கழுத்தை நெரித்து உயிரைப் போக்கிவிடுதல் வழக்கமாயிருந்ததேனும், 1726-இல் கேதரின் ஹேய்ஸ் என்பாளுக்கு அவ்விரக்கமும் வாய்த்திலது. அவள் உயிரோடே வெந்து மாண்டாள். எரியூட்டும் தண்டம் 1790-இல் ஒழிந்தது. அக்குற்றத்தின் தனிப்பெயர் 1828-இல் ஒழிந்தது. மற்றொரு பக்கத்தில், கணவன் உடனிருக்க மனைவி களவு செய்தாளாயின், அவன் ஏவலாற் செய்தாள் எனக் கொண்டு அவளை விடுவிக்கும் முறையும் இருந்தது. அளவிறந்த தண்டனைக்கும் இச்சலுகைக்கும் வேர் ஒன்றே. மனைவி கணவனுக்கு அடங்கியவள் என்னும் கொள்கையே அது.

மனைவிக்கேனும் குடும்பத்தில் ஓர் இடம் உண்டு. அவ்விடமும் இல்லாதவள் மணமாகாத ஏவற்பெண். ஆங்கில நாட்டு எளிய மக்களின் பெண்கள் பருவமெய்தும் காலத்தே பிறர் வீடுகளில் வேலைக்கமர்ந்து, கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, சராசரி 25 அல்லது 26 அகவையில் மணம் புரிந்தனர். ஆகவே வாழ்வின் இளம்பருவம் முழுதும் அந்நியர் கூரையின் கீழ்க் கழிந்தது. எசமானன், அவன் மக்கள், உடன் வேலை செய்யும் ஆடவர் ஆகிய இவர்களிடையே அவளைக் காப்பார் ஒருவருமிலர். மணப்பதாக வாக்களித்தவன் மறைந்துவிடின், கருவுற்றவள் வேலையை இழப்பாள். நற்சான்று இன்றி வேறு வீட்டிற் புகவும் இயலாது. ஊராரும் இரங்கிலர். தந்தையறியாப் பிள்ளையை வளர்க்கும் செலவு ஊர்வரியின் மேல் விழுமாதலின், 1576-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய பெற்றோரைத் தண்டிக்கவும் அவரிடம் செலவைப் பெறவும் இடந்தந்தது. 1610-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தாயைத் திருத்தச் சிறையில் ஓராண்டு அடைத்து வேலை வாங்குமாறு விதித்தது. இந்நிலையில் அவள் தன் கருவை மறைத்தாள் என்றால் வியப்பென்னை?

அம்மறைப்பையே கொலைக்குச் சான்றாக்கியது 1624-ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம். மணமாகாத பெண் ஒருத்தி தான் ஈன்ற பிள்ளை இறந்த செய்தியை, இரகசியமாய்ப் புதைத்தோ நீரில் அமிழ்த்தியோ மறைப்பாளாயின், அவள் கொலையாளியாகவே கொள்ளப்பட்டுத் தூக்கிலிடப்படுவாள். பிள்ளை இறந்தே பிறந்ததென ஒரு சாட்சியேனும் கொண்டு மெய்ப்பித்தால் மட்டும் தப்புவாள். மணமான பெண்ணுக்கு இச்சட்டம் இல்லை. அவள் வழக்கில் பிள்ளை உயிரோடு பிறந்தது என்பதை வழக்குத் தொடுப்போரே மெய்ப்பித்தல் வேண்டும். யாருமறியாது தனித்துப் பிள்ளை பெற்றவள் சாட்சிக்கு எங்கே போவாள்? பிரான்சு தேசத்திலும் 1556-இல் இரண்டாம் ஹென்றி அரசன் இதனையொத்த ஆணை பிறப்பித்திருந்தான். ஸ்காட்லாந்தில் 1690-இல் இத்தகைய சட்டம் பிறந்தது.

இச்சட்டத்தின் கொடுமையை ஆன் கிரீன் என்பாளின் வரலாறு நன்கு விளக்கும். இவள் ஆக்ஸ்போர்டைச் சார்ந்த டன்ஸ் டியூ என்னும் ஊரில் ஸர் தாமஸ் ரீட் என்பவர் இல்லத்தில் ஏவற்பெண்ணாய் இருந்தாள். அவர் பேரனாற் கருவுற்றதாக அவள் கூறினாள். கரு நிறைமாதம் எட்டாமுன்னே சிதைந்து வெளிப்பட, அவள் அதனை மறைத்தாள். அது கண்டுபிடிக்கப்பட்டு, அவள்மீது வழக்கு நடந்தது. 1650-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் அவளைத் தூக்கிலிட்டனர். அவள் துன்பம் விரைவில் முடிதற்பொருட்டு நண்பர் அவள் கால்களைப் பற்றித் தொங்கினர். ஏறத்தாழ அரைமணி நேரத்தின்பின் உடலை இறக்கிப் பெட்டியிலிட்டு, அறுத்தாராய்தற்கு மருத்துவரிடம் கொணர்ந்தனர். பெட்டியைத் திறந்தபோது மூச்சொலி கேட்டது. வில்லியம் பெட்டி, தாமஸ் வில்லிஸ் முதலிய மருத்துவர் அறுவைக் கருத்தைக் கைவிட்டு, சூடான பானம் புகட்டியும் உடலை வெப்பமுறச் செய்தும் அவளைப் பிழைப்பித்தனர். மறுநாள் பேசினாள், ஒரு திங்களுக்குள் நலமுற்றாள். கடவுளே அவளைக் காத்தார் என மக்கள் கருதினர். உயிர்வாழும் அளவுக்கு அக்கரு வளர்ந்திருக்கவில்லை என்பதும் எடுத்துக்காட்டப்பட்டு அவளுக்கு மன்னிப்புக் கிடைத்தது. பின்னர் அவள் மணம் புரிந்து மூன்று மக்களை ஈன்றாள் என்ப.

அற்புதம் எனக் கொண்டாடுதற்குரிய நிகழ்ச்சியே இது. ஆயினும் நாம் ஓர்தற்குரியது பிறிதொன்று. தூக்குக் கயிறு தன் தொழிலைச் செவ்வனே முடித்திருக்குமாயின், ஆன் கிரீன் கொலைகாரி என்னும் பெயரோடே மறைந்திருப்பாள். அவள் குற்றமின்மை நியாயத்தலத்தில் வெளிப்படவில்லை, சவப்பெட்டியில் வெளிப்பட்டது. அவளைப்போல மீண்டெழாத ஏவற்பெண்டிர் எத்துணையரோ!

காலஞ்செல்லச் செல்ல ஜூரிகளின் நெஞ்சம் இளகிற்று. 18-ஆம் நூற்றாண்டில், பிள்ளைக்கென முன்னரே துணி தைத்து வைத்திருந்தாள் எனக் காட்டினால், அவள் பிள்ளையைக் கொல்ல நினைத்தவளல்லள் எனக் கொண்டு பெரும்பாலும் விடுவித்தனர். ஒரு சிறு சட்டைத்துணி ஓருயிரைக் காத்தது. 1803-இல் பழைய சட்டம் நீக்கப்பட்டது. கொலை மெய்ப்பிக்கப்படாவிடின், பிறப்பை மறைத்த குற்றத்திற்கு இரண்டாண்டுக்கு மேற்படாத சிறை விதிக்கலாம் என்றாயிற்று. 1922-ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளைப்பேற்றால் மனநிலை பிறழ்ந்த தாய் தன் பச்சிளங்குழவியைக் கொல்வதைக் கொலைக்குற்றத்தினின்றும் வேறு பிரித்தது.

இவ்வரலாறு நமக்குப் புறம்பானதன்று. பிறப்பை மறைத்தல் பற்றிய ஆங்கிலச் சட்டக்கருத்து 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 318-ஆம் பிரிவாக நம் நாட்டிற்கும் வந்தது; 2024-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 94-ஆம் பிரிவாக இன்றும் நிற்கின்றது. எனினும் சட்டம் வருவது கடைசியில். அதற்கு முன்னே வருவது வீடு. தவறியவளாயினும் வஞ்சிக்கப்பட்டவளாயினும், ஒரு பெண் அஞ்சி மறைக்கும்படி செய்வது பெற்றோரின் கடுஞ்சொல்லும் சுற்றத்தாரின் பழிப்புமேயன்றோ? வீட்டில் அவள் சொல்லைக் கேட்க ஒரு செவி இருந்தால், நியாயத்தலத்தில் அவளுக்குச் சாட்சி தேட வேண்டுவதில்லை. நம் வீட்டுப் பெண்களுக்கும், நம் வீடுகளில் வேலை செய்யும் ஏழைப்பெண்களுக்கும் அச்செவியை அளிப்பது நம் அன்பர் ஒவ்வொருவர்க்கும் உரிய கடமையாகும். தாய்மார்கள் இதனை முதற்கண் மேற்கொள்வார்களாக.