சதுர மீட்டரும் ஒரு காலும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்துக்குள் கச்சா எண்ணெய் வந்தது. எங்கள் வடசென்னைக் கடற்கரைக் குப்பத்து ஆண்கள் மக்கையும் பக்கெட்டையும் எடுத்துக்கொண்டு அதை அள்ளினார்கள். சில மாதங்கள் கழித்து ஒரு மாணவியோடு முகத்துவாரக்குப்பம் போயிருந்தேன். மீன் விற்கும் அக்கா ஒருவர் கையைத் திருப்பிக் காட்டினார். "ஆத்த சுத்தம் பண்ணிட்டோம்னு கணக்கு எழுதிட்டுப் போயிட்டாங்க. இந்த அரிப்ப எந்தக் கணக்குல எழுதுறது?"

என்னோடு வந்த மாணவி கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்தவள். திரும்பும் பேருந்தில் மெதுவாகச் சொன்னாள்: "பளையில எங்கட காணியில வெடி எடுத்தாச்சு எண்டு குடுத்திட்டினம் மேடம். அம்மம்மான்ட காலை ஆர் மாத்திக் குடுக்கிறது?"

நம் செய்தித்தாள்கள் கண்ணிவெடி என்று எழுதுவதை ஈழத்தில் மிதிவெடி என்பார்கள். கண்ணி வைத்தவரைச் சொல்லும் சொல் ஒன்று, மிதித்தவரைச் சொல்லும் சொல் மற்றொன்று. பளைக்குப் பக்கத்திலுள்ள முகமாலையில் 2000 முதல் 2009 தொடக்கம் வரை போர்முனை நின்றது. புலிகள் புதைத்த மரப்பெட்டி 'ஜொனி'யும், இராணுவம் புதைத்த பாகிஸ்தான், சீன பிளாஸ்டிக் வெடிகளும் அந்த மண்ணில் அடுக்கடுக்காகக் கிடந்தன. 2002 போர்நிறுத்தத்தின்போது காணியைப் பார்க்கப் போன அம்மம்மா, எந்தத் தரப்பு வைத்ததை மிதித்தார் என்று யாரும் விசாரிக்கவில்லை.

1997இல் ஒட்டாவாவில் கையெழுத்தான தடை ஒப்பந்தத்தில் இரண்டு கடமைகள் உண்டு. ஐந்தாம் பிரிவு, பத்தாண்டுக்குள் நிலத்தைச் சுத்தம் செய்யச் சொல்கிறது. ஆறாம் பிரிவு, இயன்ற நாடுகள் எல்லாம் பாதிக்கப்பட்டோரின் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் உதவ வேண்டும் என்கிறது. முதல் கடமைக்குத் தேதி இருக்கிறது. 2017 டிசம்பரில் இணைந்த இலங்கைக்கு அது 2028 ஜூன் 1. இரண்டாவதற்குத் தேதியே இல்லை. பணமும் அப்படியே பிரிகிறது. உலக நாடுகள் கண்ணிவெடிப் பணிகளுக்குத் தரும் நிதியில் பெரும்பங்கு அகற்றுவதற்குப் போகிறது. பாதிக்கப்பட்டோர் உதவிக்குப் போவது பல ஆண்டுகளில் நூற்றுக்குப் பத்தைக்கூடத் தொடுவதில்லை. இத்தனை சதுர மீட்டர், இத்தனை வெடி என்று நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்டலாம். மூன்று நான்கு வருடத்துக்கொருமுறை தேய்ந்துபோகும் காலை எப்படிக் காட்டுவது? கால் போன ஆணின் மனைவி கிணற்றடியில் செய்யும் வேலைக்கு எந்தப் பத்தி?

அகற்றும் வேலையிலும் பெண்கள் நிறையப் பேர். 2002 முதல் அங்கே இயங்கும் ஹலோ டிரஸ்ட் போன்ற நிறுவனங்களில் கணவனை இழந்தவர்களும் குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவர்களும் கவச உடையோடு வெயிலில் குந்தியிருந்து, மண்ணை வாரிகோலால் விரல்கடை விரல்கடையாகக் கிளறுகிறார்கள். இதைப் 'பெண் அதிகாரம்' என்று புகைப்படத்தோடு அச்சிடுகிறார்கள். அந்தச் சம்பளம் அவர்கள் வீட்டு அடுப்பை எரித்தது; அதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் நிலம் முழுக்கச் சுத்தமாகும் நாள் அவர்கள் வேலை போகும் நாளும்தான். அதற்கு முன்னாலும் போகலாம். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியைத் தொண்ணூறு நாள் நிறுத்தியபோது, உலகெங்கும் அதன் பணத்தில் நடந்த வெடியகற்றல் வேலையும் சேர்ந்து நின்றது.

இந்தத் துறைக்கு மிக அதிகம் கொடுத்துவந்த அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. இந்தியாவும் இடவில்லை. போர் முடிந்தபின் டெல்லி தன் செலவில் வெடியகற்றும் குழுக்களை அனுப்பியது, 2010இல் வவுனியாவில் ஜெய்ப்பூர் கால் பொருத்தும் முகாமும் நடத்தியது. முகாம் சில வாரங்களில் முடிந்துவிடும். அந்தக் கால்கள் பதினைந்து ஆண்டு நடந்திருக்க வேண்டுமே.

மாணவியிடம் அம்மம்மா இப்போது எப்படி நடக்கிறார் என்று கேட்டேன். வீட்டுக்குள் கைத்தடியும் சுவரும்தானாம். கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும்போது மட்டும் காலை மாட்டுவாராம். வந்ததும் துடைத்து, பழைய சேலையில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்துவிடுவாராம், தேய்ந்துவிடும் என்று.