வீட்டுத் தயாரிப்பு லாகர்: நிறம், சுவைக் குறைபாடுகளின் வரலாறு

லாகர் என்பது குளிர்ந்த வெப்பநிலையில் நொதிக்கவைத்து, பல வாரங்கள் குளிரிலேயே பக்குவப்படுத்தப்படும் பியர் வகையாகும். 'சேமித்து வைத்தல்' எனப் பொருள்படும் ஜெர்மன் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. தகர டப்பாவில் கிடைக்கும் மால்ட் சாற்றைக் கொண்டு வீட்டில் லாகர் தயாரிப்போர் பொன்னிறத்தை எதிர்பார்க்க, பெரும்பாலும் கிடைப்பது செம்பழுப்பு நிறமும் அயல்சுவையுமே. இச்சிக்கல்கள் புதியவை அல்ல. 19ஆம் நூற்றாண்டின் ஆலைகளும் இவற்றை எதிர்கொண்டன.

பில்சன் நகரின் தீர்வு

1838இல் பொகீமியாவின் பில்சன் நகரில், கெட்டுப்போன 36 பீப்பாய் பியர் நகர மன்றத்தின் முன் கொட்டப்பட்டது. அதன்பின் நகரத்தார் புதிய ஆலை ஒன்றைக் கட்டி, பவேரியாவைச் சேர்ந்த யோசப் குரோல் என்பவரை அமர்த்தினர். அவர் 1842 அக்டோபர் 5 அன்று தம் முதல் பியரைத் தயாரித்தார். புகை படாமல் வெந்காற்றில் உலர்த்திய வெளிர் மால்ட், உப்புகள் மிகக் குறைந்த நீர், சாட்ஸ் பகுதி ஹாப்ஸ், பவேரிய ஈஸ்ட் ஆகியவை சேர்ந்து தெளிந்த பொன்னிற லாகரைத் தந்தன.

கெடுவதன் காரணம்

லூயி பாஸ்டர் 1876இல் வெளியிட்ட நூலில், பியர் கெடுவதற்கு நுண்ணுயிர்களே காரணம் என விளக்கினார். 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். ஆலையின் பியரைக் கெடுத்தது காட்டு ஈஸ்ட் எனவும் அவர் காட்டினார். ஆலை உரிமையாளர் யாக்கோப்சன் அத்தூய ஈஸ்ட்டைப் பிற ஆலைகளுக்கும் வழங்கினார்.

டப்பா மால்ட்டும் சட்டமும்

அமெரிக்காவில் மதுவிலக்கு நிலவிய 1920–1933 காலத்தில் மால்ட் சாறு மளிகைக் கடைகளில் விற்கப்பட்டது. ரொட்டி சுடுவதற்கென விற்ற இச்சாறு பல வீடுகளில் பியரானது. மதுவிலக்கு நீங்கிய பின்னும் வீட்டில் பியர் தயாரிப்பது அங்குச் சட்டவிரோதமாகவே நீடித்தது. 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டமே கூட்டரசு அளவில் அத்தடையை நீக்கியது. பிரிட்டனில் இதற்கான உரிமம் 1963இல் ஒழிக்கப்பட்டது.

நிறம் கருத்தல்

மால்ட் சாறு என்பது நீர் வற்றவைத்த மால்ட் வடிநீராகும். அதிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பழுப்பு நிறம் தருகின்றன. 1912இல் இவ்வினையை விவரித்த மையார் என்பவரின் பெயராலேயே இது வழங்குகிறது. டப்பா பழையதானால் இவ்வினை உள்ளேயே மெல்ல நடக்கும். சிறிய பாத்திரத்தில் அடர்த்தியாகக் கொதிக்கவைத்தால் விரைவாக நடக்கும். எனவே புதிய டப்பாவையோ உலர் மால்ட் தூளையோ வாங்கி, கொதி முடியும் தறுவாயில் பெரும்பகுதியைச் சேர்ப்பது நிறத்தைக் காக்கும்.

சுவைக் குறைபாடுகள்

பழ வாசனை: 'லாகர்' எனப் பெயரிட்ட டப்பாக்கள் சிலவற்றில் வெதுவெதுப்பில் நொதிக்கும் ஏல் ஈஸ்ட்டே இருக்கும். லாகர் ஈஸ்ட்டுக்கு ஏறத்தாழ 8 முதல் 13 பாகை செல்சியசு வரை தேவை. அதைவிட வெப்பம் கூடினால் பழ வாசனை மிகும்.

வெண்ணெய் வாசனை: இதற்குக் காரணம் டைஅசிட்டைல். நொதிப்பின் இறுதியில் வெப்பநிலையை 16 முதல் 18 பாகைக்கு உயர்த்தி இரண்டு மூன்று நாள் விட்டால், ஈஸ்ட்டே அதை உட்கொண்டுவிடும்.

மருந்து வாசனை: குழாய் நீரின் குளோரின் பீனால்களுடன் சேர்வதால் வருவது. கரி வடிகட்டி இதைத் தடுக்கும்.

நாற்ற வாசனை: ஒளி ஹாப்ஸின் கசப்புப் பொருளைச் சிதைப்பதால் உண்டாகும். பழுப்புப் போத்தல் காக்கும். பச்சையும் நிறமற்றதும் காக்கா.

அட்டைச் சுவை: நொதித்த பின் காற்று கலந்ததன் விளைவு. இதனால் நிறமும் கருக்கும். போத்தலில் ஊற்றும்போது சலசலக்காமல் குழாய்வழி அடியிலிருந்து நிரப்ப வேண்டும்.

இவற்றுள் பல, ஒருமுறை தோன்றியபின் நீக்க இயலாதவை. டைஅசிட்டைல் மட்டும் ஈஸ்ட் உயிருடன் உள்ளவரை திருந்தக்கூடியது. ஆகவே மால்ட், நீர், ஈஸ்ட், தூய்மை ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே சரிசெய்த பில்சன், கார்ல்ஸ்பர்க் வழிமுறையே வீட்டுத் தயாரிப்புக்கும் பொருந்துகிறது.