பரங்கிமலைச் சிலுவையும் யாத்திரையின் தொன்மையும்

பரங்கிமலை உச்சியிலுள்ள தேவமாதா ஆலயத்தை யாத்திரைத் தலமாக்கியவர் போர்த்துக்கீசியரே என்பதும், 1547-இல் கடைக்கால் தோண்டியபோது கற்சிலுவை வெளிப்பட்டதற்கும், 1558 டிசம்பர் 18 அன்று பூசை வேளையில் அது வியர்த்ததாகப் பதிவானதற்கும் முன்பு அம்மலைக்கெனத் தனி மகிமை இருந்ததில்லை என்பதும் ஆராய்ச்சியாளர் பலரிடையே ஏறக்குறைய முடிந்த முடிபாகவே நிலவி வருகின்றன. அம்முடிபு மறுபரிசீலனைக்கு உரியது என்பது என் துணிபு. அதற்கு நான் சான்றாகக் கொள்வது பீடத்தில் பதிக்கப்பெற்றுள்ள அந்தக் கல்லையே.

கல்லை அணுகி நோக்குவோர்க்கு நடுவே மொட்டுப்போல் முனை விரிந்த சிலுவையும், அதன் தலைமீது இறங்கும் புறாவும், அடியில் இருபுறமும் சுருண்டெழும் இலைகளும், மருங்கில் தூண்களும், தூண்களின்மேல் மகரவாயினின்று கிளம்பும் வளைவும் புலப்படும். அவ்வளைவை ஒட்டி ஓடும் எழுத்தைப் பதினாறாம் நூற்றாண்டில் பிராமணப் பண்டிதர் ஒருவர், ஒவ்வோர் எழுத்தையும் பல சொற்களாக விரித்து, அர்ச்சியசிஷ்ட தோமையாரின் சரித்திரமாகவே படித்துக் காட்டினார். போர்த்துக்கீசியரும் அதனை ஏற்றனர். அவ்வெழுத்து பாரசீகத்துப் பஹ்லவியே என்று 1873-இல் அறிஞர் பர்னல் நிறுவியபின் அந்தப் படிப்பு கைவிடப்பட்டது. பின்னர் அறிஞர் வின்க்வொர்த்து படித்தவாறு, அது அஃப்ராஸ் என்னும் சிரியக் கிறிஸ்தவர் ஒருவருக்காகக் கிறிஸ்துவின் இரக்கத்தை வேண்டும் சிறு பிரார்த்தனை.

இங்கேதான் நான் முன்னோரினின்று வேறுபடுகிறேன். இதே வாசகம் கோட்டயம் வலியபள்ளியிலும், முட்டுச்சிறை, கடமற்றம், ஆலங்காடு ஆகிய மலையாள நாட்டு ஊர்களின் கோயில்களிலும் காணப்படுகிறது. ஒருவர் தம் ஆன்மநலத்துக்காகச் செய்த வேண்டுதல் இத்தனை ஊர்களில் தனித்தனியே தோன்றியிருக்கும் என்பது நம்பத்தக்கதன்று. ஒன்று மூலமாகவும் மற்றவை அதன் படிகளாகவும் இருத்தல் வேண்டும். எழுத்தமைதியை ஒப்பிட்ட அறிஞர் சிலர் மலைக்கல்லையே மூலமாகக் கருதுவர். அது மெய்யாயின், வேறெவர்க்கோ உரிய வேண்டுதலைத் தம் ஊர்க்கல்லில் பொறித்தவர்க்கு வாசகத்தின் பொருளைவிட அதைத் தாங்கிய கல்லின் புனிதமே பெரிதாயிருந்தது என்றாகிறது. மலையாளக் கரையினின்று பக்தர் இம்மலைக்கு வந்து போகாதிருந்தால் அப்புனிதம் அங்கே எவ்வாறு பரவியிருக்கும்? பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, அப்போஸ்தலர் தோமையாரின் கல்லறைக்கு வந்த யாத்திரிகர் அவ்விடத்து மண்ணை எடுத்துச் சென்றதை எழுதுகிறார். மண்ணை எடுத்துச் சென்ற பக்தி, கல்லின் சாயலையும் எடுத்துச் சென்றது என்று கொள்வதில் பிழையில்லை.

மார்க்கோ போலோ கூறுவது அக்கல்லறை உள்ள மயிலையை அன்றோ எனலாம். மயிலைக்கும் மலைக்கும் இடையே அரைநாள் நடைகூட இல்லை. யாவும் பாரசீகத்து மூலம் ஒன்றின் படிகள் என்பாருக்கு, நம் நாட்டுச் சிற்ப மரபுக்குரிய அந்த மகரத் தோரணமே விடை. கல் புதைந்து கிடந்ததால் தலம் மறக்கப்பட்டது என்பதும் பொருந்தாது. 1523-இலேயே அங்கே சிற்றாலயம் எழுப்பப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. வெறுங்குன்றின் உச்சியை எவரும் காரணமின்றித் தேர்ந்திருக்க மாட்டார்.

லூக்காஸ் வரைந்ததாகப் போற்றப்படும் மாதா படமும், அர்மேனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் பதினெட்டாம் நூற்றாண்டில் அமைத்த படிகளும் இத்தொன்மைமேல் பின்னர் வந்து சேர்ந்தவை. டிசம்பர்த் திருநாளில் கொரட்டூரிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் வந்து அப்படிகளில் ஏறுவோர், 1547-க்கு மிக முற்பட்ட ஒரு வழக்கத்தையே தொடர்கின்றனர் என்று கொள்கிறேன். எல்லாக் கற்களுக்கும் ஒரே அளவில் மைப்படி எடுத்து, அருகருகே வைத்து ஒப்பிடும் பணியைக் கல்வெட்டறிஞர் மேற்கொள்ள வேண்டும். அது நிறைவேறும்வரை, இத்தலத்தின் தொடக்கம் பதினாறாம் நூற்றாண்டே என்று எவரும் அறுதியிட்டு எழுதலாகாது.