சிசு வரவுச் சாமான்கள்: கொங்கு நாடு

பிறக்கவிருக்கும் குழந்தையின் உடை, படுக்கை, பால், நீராட்டு, காவல் ஆகியவற்றை முன்னிட்டு ஒரு குடும்பம் பிரசவத்துக்கு முன்னரும் அதையொட்டிய நாட்களிலும் சேகரித்துக்கொள்ளும் பொருள்களைச் சிசு வரவுச் சாமான்கள் எனலாம். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களையும் அவற்றை அடுத்த சில பகுதிகளையும் உள்ளடக்கிய கொங்கு நாட்டில், இவற்றுள் எதை வாங்குவது, எப்போது வாங்குவது, யார் வாங்குவது என்ற மூன்று கேள்விகளுக்கும் நெடுங்காலமாக உறவுமுறையும் சம்பிரதாயமும் விடை வகுத்து வைத்திருந்தபடியால், பெற்றோர் தாமே யோசித்து முடிவு செய்ய வேண்டிய நிலை அரிதாகவே நேர்ந்தது. தனிக்குடித்தனம் பெருகி, கோவையில் காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டிலும் ஒப்பணக்காரத் தெருவிலும் குழந்தைச் சாமான்களுக்கெனவே கடைகள் எழுந்தபின், அந்தப் பொறுப்பு இளந்தம்பதியரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

முற்கூட்டி வாங்காத வழக்கம்

முதற்பேறு தாய்வீட்டில் என்பது தமிழகத்துக்குப் பொதுவான வழக்கமே. ஆயினும் பிற பகுதிகளில் வளைகாப்புக்கு உள்ள முதன்மை கொங்கு நாட்டுச் சமூகங்கள் பலவற்றில் கட்டுச்சோற்று விருந்துக்கு உண்டு. ஏழாவது அல்லது ஒன்பதாவது மாதத்தில் பெண்ணின் பெற்றோர் பலவகைச் சோறு சமைத்துக் கட்டி எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்கு வந்து, உறவினருக்கு விருந்திட்டு, பெண்ணைத் தம்மோடு அழைத்துச் செல்வர். அன்று தட்டுகளில் வரும் சேலை, வளையல், பழம், பலகாரம் அனைத்தும் தாயாகப் போகிறவளுக்கே உரியவை. குழந்தைக்கென ஒரு முழத் துணியும் அவற்றில் இடம்பெறுவதில்லை. "பொறக்கறதுக்கு மின்னாடியே சாமான் வாங்கி வெக்கக்கூடாதுங்க" என்பது வீட்டுப் பெரியவர்களின் விலக்கு.

இவ்விலக்கை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நியாயமாகாது. 1951ஆம் ஆண்டையொட்டி இந்தியாவில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 146 குழந்தைகள் முதல் ஆண்டு நிறைவதற்குள் இறந்தன என்பதையும், தமிழ்நாட்டில் அவ்வெண் 2020இல் 13 ஆகக் குறைந்துவிட்டது என்பதையும் ஒருங்கே நினைத்துப் பார்ப்பவர்க்கு, பயன்படாமற்போன சட்டைகளை எடுத்து மடித்து வைக்கும் துயரம் எந்தத் தாய்க்கும் நேரக்கூடாதென்று முந்தைய தலைமுறையினர் கருதியதன் காரணம் புலப்படும். அச்சம் பெரும்பாலும் நீங்கிவிட்டது, வழக்கம் நிற்கிறது. நிற்பதில் லௌகிகமான ஒரு லாபமும் இருக்கிறது: குழந்தையின் எடை, பிறந்த பருவம், உறவினர் கொண்டுவந்த பரிசுகள் ஆகிய மூன்றும் தெரிந்தபின் வாங்குபவன் வீணாக வாங்குவதில்லை. விலக்கைக் கூறும் அதே அம்மாயி (தாய்வழிப் பாட்டி), தம் நூற்சேலைகள் சிலவற்றையும் அப்புச்சியின் (தாய்வழிப் பாட்டனின்) பழைய வேட்டிகளையும் வெந்நீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, மடித்து அடுக்கி வைத்திருப்பார். அவை வாங்கியவை அல்ல ஆதலால் விலக்குக்கு உட்படமாட்டா!

பிறந்தபின் வருபவற்றுக்கும் முறை உண்டு. தொட்டிலிடும் நாளில் தாய்மாமன் சீராக வெள்ளி அரணாக்கொடி, தண்டை, காப்பு ஆகியன வரும். கிலுகிலுப்பையும், பால் புகட்டும் சிறு கலமான பாலாடையும் வெள்ளியில் செய்து தருவோரும் உளர். குழந்தைக்கு அணிகலன் பூட்டுவது மிகப் பழைய மரபு. திருமாலின் சங்கு, சக்கரம், கதை, வாள், வில் ஆகிய ஐந்து ஆயுதங்களின் வடிவில் அமைந்த ஐம்படைத் தாலி காப்பாக அணிவிக்கப்பட்டதைத் தமிழிலக்கியம் அறியும். ஆகவே முதற்குழந்தையை எதிர்நோக்கும் தம்பதியர் கடைக்குச் செல்லுமுன் செய்யத்தக்க முதற்காரியம், சீராகவும் பரிசாகவும் எவை வரும் என்பதைத் தாய்வீட்டாரிடம் விசாரித்துக்கொள்வதே. பரிசுகளில் பெரும்பான்மை ஆடைகளாகவே இருக்கும் என்பதும், அவற்றில் பாதி குழந்தை உடுத்துமுன் சிறுத்துப்போகும் என்பதும் அனுபவம் கண்ட உண்மைகள்.

பழந்துணியும் பனியன் துணியும்

1888இல் ஸ்டேன்ஸ் ஆலை தொடங்கியதுமுதல் நூற்பும் நெசவும் வளர்ந்து வந்த இந்நாட்டில், திருப்பூரின் பின்னலாடைகள் உலகத்தின் பல தேசங்களிலும் பிறந்த குழந்தைகளை உடுத்துகின்றன. அவ்வாடைகளைத் தைப்பவர் வீட்டுக் குழந்தையோ, முதல் சில நாட்கள், துவைத்துத் துவைத்து மெலிந்த பழஞ்சேலைத் துண்டிலேயே சுற்றிக் கிடக்கிறது. இதில் விந்தை யாதுமில்லை. புதுத்துணியில் கஞ்சியும் சாயமும் இருக்கும். பலமுறை வெளுத்த பருத்தியில் அவ்விரண்டும் எஞ்சியிருப்பதில்லை. சிசுவின் தோல் மெல்லியது ஆதலால், மருத்துவர்களும் புதிய ஆடையை ஒருமுறையேனும் துவைத்து உலர்த்திய பின்னரே அணிவிக்கச் சொல்கின்றனர். பழந்துணி என்றால் அழுக்குத் துணி எனப் பொருளன்று. கொதிநீரும் நல்ல வெயிலும் கண்ட துணியே தகுதியுடையது.

எத்தனை வேண்டும் என்பதைக் குழந்தையின் உடலியற்கையே உரைக்கும். தாய்ப்பால் போதிய அளவு பெறும் குழந்தை ஐந்தாம் நாளுக்குப் பின் ஒரு நாளில் குறைந்தது ஆறு முறையேனும் சிறுநீர் கழிக்கும். மலம் கழிப்பது தனி. எனவே சதுரமாகக் கிழித்து ஓரம் மடித்த பழந்துணியோ, கடையில் விற்கும் முக்கோணத் துணி நாப்கினோ, இரண்டு டஜன் இருந்தால் அன்றாடம் துவைக்கும் வீட்டுக்குப் போதும். சித்திரை வெயிலில் அதற்கும் குறைவாகவே நடந்தேறும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் துணி உலராமல் வீடெங்கும் கொடி கட்ட நேருமாகையால், அப்பருவத்தில் பிரசவத்தை எதிர்பார்ப்போர் இன்னும் ஒரு டஜன் சேர்த்து வைத்தல் நலம்.

முன்னோ பின்னோ நாடா வைத்துக் கட்டும் ஜப்லா ஆறு முதல் எட்டு வரை வேண்டியிருக்கும். அவற்றையும் பிறந்த அளவில் மிகுதியாக வாங்குவது பிழை. நம் நாட்டில் நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் எடை பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்றரை கிலோ வரை இருக்கும். முதல் வாரத்தில் சற்றுக் குறைந்து, இரண்டாம் வார இறுதிக்குள் மீண்டு, ஐந்து மாத அளவில் இரட்டிக்கும். ஆதலின் சற்றுப் பெரிதாக வாங்குவதால் கெடுவது ஒன்றுமில்லை. திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் எஞ்சிய உருப்படிகள் மலிவாகக் கிடைக்கும். அங்கே வாங்குவோர் பெரிய பொத்தான், ஒட்டுமணி, கழுத்து நாடா ஆகியவை உள்ளவற்றைத் தள்ளி, வெளிர்நிறப் பருத்தியாகத் தேர்வது நன்று. தீங்கான அசோ வகைச் சாயங்கள் நூற்றுப் பன்னிரண்டை இந்திய அரசு 1990களில் தடை செய்தது. மூன்று வயதுக்குட்பட்டோர் ஆடைகளை மிகக் கண்டிப்பான முதல் வகுப்பில் வைத்துப் பரிசோதிக்கும் சர்வதேசத் தரச்சான்றும் ஏற்றுமதியாளர் பலர் பெறுவதாகும்.

கடல்மட்டத்துக்கு மேல் நானூறு மீட்டர் அளவில், பாலக்காட்டுக் கணவாயின் காற்று தவழும் கோவையில் கம்பளிச் சட்டைகளுக்கு வேலை அரிது. பிறந்த சில நாட்களுக்குத் தலையில் ஒரு பருத்திக் குல்லாயும் காலுறையும் போதும்; வால்பாறையிலோ அண்டையிலுள்ள நீலகிரியிலோ வசிப்போர் மட்டுமே கனத்த ஆடையைக் கருத வேண்டியவர்கள். துவட்டுவதற்குச் சென்னிமலைத் துண்டும், கொசுவுக்குக் கரூர் வலையும் உள்ளூர்ச் சரக்காகவே கிடைக்கின்றன.

படுக்கை, தொட்டில்

கொங்கு நாட்டு வீடுகளின் உத்தரத்திலும், பிற்காலத்துக் கான்கிரீட் கூரையிலும், தொட்டிலுக்கென ஒரு கொக்கி காணப்படும். அடுக்குமாடி வீடுகளில் அது இராமையால் இரும்புச் சட்டத் தொட்டில்கள் விற்பனையாகின்றன. பழஞ்சேலையில் கட்டும் தொட்டில் அருமையானதே. ஆயினும் கொக்கியின் உறுதியைப் பெரியவர் ஒருவர் தொங்கிப் பார்த்துச் சோதிப்பதும், சுருள்கம்பி வைத்தால் துருவும் விரிசலும் பார்ப்பதும், கவிழத் தெரிந்த குழந்தையை அதில் தனியே விட்டுச் செல்லாதிருப்பதும் அவசியம். தொட்டிற்சேலையில் முறுக்கி விளையாடும் மூத்த குழந்தையின் கழுத்து இறுகி உயிர்போன செய்திகள் தமிழ் நாளேடுகளில் அவ்வப்போது வருபவை.

குழந்தையை மல்லாத்தியே உறங்கவைக்க வேண்டும் என்பதும், சமமான உறுதியான படுக்கையே ஏற்றது என்பதும் மருத்துவ உலகில் 1990களின் தொடக்கம் முதல் வலியுறுத்தப்படும் முடிபு. தலை உருண்டையாக அமையவேண்டுமென்று வாங்கும் கடுகுத் தலையணை, பக்கங்களில் வைக்கும் பஞ்சுருளைகள், மென்மயிர்ப் பொம்மைகள் ஆகியன அம்முடிபுக்கு விரோதமானவை. முதல் ஓராண்டுக்குத் தலையணையே வேண்டுவதில்லை. குடை போல விரியும் கொசுவலையும், நனைந்தால் துடைக்கக்கூடிய ரப்பர் ஷீட்டும் மட்டும் முன்கூட்டியே வாங்கத்தக்கவை.

பாலும் புட்டியும்

பெரும்பாலோர் கடைப்பட்டியலில் முதலிடத்தில் நிற்கும் பால்புட்டி, இக்கட்டுரையின் அபிப்பிராயத்தில், அப்பட்டியலிலிருந்து முதலாவதாக அடிக்கப்பட வேண்டியது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் அன்றி நீரும் தேவையில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 1992இல் இயற்றி 2003இல் திருத்திய சிசுப்பால் மாற்று, பால்புட்டி, சிசு உணவுச் சட்டத்தின்படி இந்தியாவில் இவற்றுக்கு விளம்பரமும் இலவச மாதிரியும் கூடாது, விற்பனைக்குத் தடையில்லை. தாய் பால் பீய்ச்சித் தரவேண்டிய நிலையில், அல்லது எடை குறைந்த குழந்தை உறிஞ்ச இயலாத நிலையில், நம் பாலாடையே புட்டியினும் சிறந்த பாத்திரம்; கழுவ எளிதாகிய அச்சிறு கலத்தை இந்தியாவின் சிசு மருத்துவப் பிரிவுகளும் கையாளுகின்றன. வெள்ளியாயினும் எவர்சில்வராயினும் ஒன்றே. கொதிநீரில் இட்டெடுப்பதே முக்கியம்.

பிறந்த குழந்தையின் நாவில் சேனை தொட்டுவைக்க வாங்கும் தேன் ஓராண்டு முடியும்வரை ஆகாது. அரிதாயினும் கொடிதான நஞ்சேற்றத்துக்கு அது வழிவிடும். 1851இல் இங்கிலாந்தில் வில்லியம் உட்வர்டு தயாரித்த கிரைப் வாட்டர் நம் வீடுகளில் பாட்டி வைத்தியத்தின் அங்கம் போலவே ஆகிவிட்டது. தாய்ப்பால் மட்டும் உண்ணும் குழந்தைக்கு அதுவும் வேண்டியதன்று. நாட்டு மருந்துக் கடையின் வசம்பு வளையல் கையில் கிடக்கலாம். உரைத்துப் புகட்டுவது வேறு விஷயம், அது கூடாது. கண்ணில் தீட்டும் மையில் ஈயம் கலந்திருக்கக்கூடும் ஆதலின், திருஷ்டிப் பொட்டு உள்ளங்காலோடு நிற்பது உசிதம். முகப்பூச்சு மாவு மூச்சில் ஏறும், அதையும் விடலாம்.

பின்னர் ஆலோசிக்கத்தக்கவை

நடைவண்டியும் பொம்மையும் பிறக்குமுன் வாங்குவது ஆர்வத்தின் மிகுதி. குழந்தை நின்றுகொண்டு தள்ளும் மூன்றுகால் மரத்தேர் பட்டினப்பாலைக் காலத்தது, அதில் குற்றமில்லை. உட்காரவைத்து உருளவிடும் பிளாஸ்டிக் வாக்கரையோ கனடா 2004இல் அறவே தடைசெய்தது. பொம்மைகளுக்கு இந்தியாவில் 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கார் உடையோர் மருத்துவமனையிலிருந்து திரும்பும் நாளுக்கே சிசு இருக்கையைப் பற்றி யோசித்தல் வேண்டும். மடியில் வைத்துக்கொள்வது பாதுகாப்பாகாது. பயன்படுத்தி எறியும் டயப்பர் பயணத்துக்கும் இரவுக்கும் சௌகரியமானதே. ஆனால் பிறந்த அளவில் பெரிய பொதியாக வாங்குவதும், பயன்படுத்தியதைத் தாளில் சுற்றித் தனியாகத் தராமல் குப்பையோடு கலப்பதும் தவறு. கோவையில் கலந்தது வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கில்தான் போய்ச் சேரும்.

அரசுப் பெட்டகம்

எவை இன்றியமையாதவை என்பதற்கு ஓர் அரசே விடை கூறிய உதாரணம் பின்லாந்து: 1938இல் ஏழைத் தாய்மாருக்கெனத் தொடங்கி 1949இல் அனைவருக்கும் விரிந்த அந்நாட்டுப் பெட்டியில் துணிகள் இருந்தன; காலியான பெட்டியே குழந்தைக்குப் படுக்கையும் ஆயிற்று. தமிழ்நாட்டில் 2015இல் தொடங்கிய அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்காக ஏற்பட்டது. அப்போது ஆயிரம் ரூபாய் மதிப்பில் வகுத்த அதன் பதினாறு பொருள்களில் துண்டு, உடை, படுக்கை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை ஆகியவை அடங்கும். பால்புட்டி இல்லை என்பது கவனிக்கத்தக்கது. தனியார் மருத்துவமனையில் பேறு காண்போரும் அப்பட்டியலைத் தமக்கு அளவுகோலாகக் கொள்ளலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2018இல் 18,000 ரூபாயாக உயர்ந்தபோது, 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகத் தாய்க்கே ஒதுக்கப்பட்டது.

கடைகளின் பட்டியல்கள் பெரும்பாலும் மறந்துவிடும் அந்தத் தாய்க்கு, முன்புறம் திறக்கும் இரவு உடை, மாதவிலக்குத் துணி, பத்தியச் சமையலுக்கான செலவு சாமான் ஆகியன ஒன்பதாம் மாதத்துக்குள் ஒரு பையில் சேர்ந்திருக்க வேண்டும். கர்ப்பகாலப் பதிவில் கிடைத்த பிக்மி எண்ணும் மருத்துவச் சீட்டுகளும் அதே பையில் இருக்கட்டும், பிறப்புச் சான்றுக்கு அவ்வெண் தேவைப்படும். அரசுப் பெட்டகத்தில் தாய்க்கென வைத்தவை குளியல் சோப்பு, சௌபாக்கிய சுண்டி லேகியம், கை கழுவும் திரவம் ஆகியவை. இவற்றுள் கடைசியாகச் சொன்னதே பதினாறு பொருள்களிலும் தலையாயது. குழந்தையைத் தூக்க வரும் உறவினர் ஒவ்வொருவர்க்கும் முதலில் அதை நீட்டத் தயங்க வேண்டாம்.