மெட்ராஸ் பெயரில் ஒரு நோய்

1996ல் ஊர் சென்னையாகிவிட்டது. மருத்துவப் புத்தகங்களில் மட்டும் இன்னும் மெட்ராஸ்தான். அதுவும் ஒரு நோயின் பெயரில்!

தசையை அசைக்கும் மின் துடிப்பு, முதுகுத் தண்டில் உள்ள மோட்டார் நியூரான்களிலிருந்து கிளம்புகிறது. 1950களின் தொடக்கத்தில் ஜான் எக்கிள்ஸ், பூனையின் அந்தச் செல்லுக்குள் நுண்ணிய கண்ணாடி ஊசியைச் செருகி மின்னழுத்தத்தை அளந்தார். செல் சும்மா இருக்கும்போது சுமார் 70 மில்லிவோல்ட். 1963ல் நோபல் பரிசு. மோட்டார் நியூரான் நோய் வரும்படி வளர்த்த சுண்டெலிகளிலும் அளந்து பார்க்கிறார்கள்.

அந்தச் செல்கள் செத்தால் கைகால் சூம்பும். மேல்நாடுகளில் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வரும்; பலர் ஐந்து வருஷத்துக்குள் போய்விடுவார்கள். மெட்ராஸில் வந்தவர்களோ இளம்பிள்ளைகள். முகம் தளர்ந்தது, பேச்சு குழறியது, காதும் மந்தமானது. ஆனால் நோய் மெதுவாகவே நகர்ந்தது. பலர் பல வருஷம் வாழ்ந்தார்கள்.

இது வேறு என்று 1970ல் எழுதியவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி. ராமமூர்த்தி, நமக்குத் தெரிந்த அடையாறு வி.எச்.எஸ்.காரர்தான். கருவியைவிட நோயாளியை உற்றுப் பார்த்துக் கண்டது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிள்ளைக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த பெற்றோரிடம், "இது அந்த வேகத்தில் போகாதம்மா" என்று ஒரு டாக்டர் சொல்ல முடிந்தது அதனால்தான்.