சான்ரெமோவும் ஸ்காலாவும்: மில்வாவின் சாரீரம்

இத்தாலி தேசத்துச் சங்கீத உலகத்துக்கு நெடுங்காலமாக இரண்டு வாசல்கள் இருந்து வந்திருக்கின்றன. மிலான் நகரத்து லா ஸ்காலா நாடகசாலையின் வாசல் ஒன்று. 1951 ஆம் ஆண்டு முதல் லிகூரியக் கடற்கரையில் வருஷந்தோறும் நடந்துவரும் சான்ரெமோ பாட்டுவிழாவின் வாசல் மற்றொன்று. முன்னதில் புகுந்தவர்கள் பின்னதை ஏளனம் செய்வதும், பின்னதில் ஜனங்களின் அபிமானத்தைச் சம்பாதித்தவர்கள் முன்னதை எட்டிப் பார்க்கவும் கூசுவதும் அந்நாட்டில் வழக்கமாகிவிட்ட சம்பிரதாயம். இந்த ஜாதிபேதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், இரு வாசல்களிலும் ஒரே சாரீரத்தோடு நுழைந்து, இடையில் நாடகமேடை, டாங்கோ, புரட்சிப் பாட்டு, கவிஞர்களின் செய்யுள் என்று அகப்பட்ட பாதைகளிலெல்லாம் ஐம்பது வருஷம் நடந்தவர் மில்வா.

போ நதி பல கிளைகளாகப் பிரிந்து ஆத்ரியக் கடலில் கலக்கும் கழிமுகத்தில், ஃபெர்ராரா ஜில்லாவைச் சேர்ந்த கோரோ என்னும் மீனவர் கிராமத்தில், 1939 ஜூலை 17 ஆம் தேதி பிறந்தவர். தகப்பனாருக்கு மீன் தொழில். தாயார் தையல்வேலை செய்தார். மரியா இல்வா பியோல்காத்தி என்ற பெயரைச் சுருக்கி மில்வா என்று வைத்துக்கொள்வதற்கு முன்னால், நடனசாலைகளில் சப்ரினா என்ற புனைபெயரில் சில காலம் பாடியதுண்டு. இத்தாலிய வானொலி நிறுவனமாகிய ராய் 1959 இல் நடத்திய புதுக்குரல் போட்டியில் 7,600க்கு மேற்பட்டவர்களைப் பின்தள்ளி முதலிடம் பெற்ற பிறகுதான் தேசம் அவரைத் திரும்பிப் பார்த்தது. மறுவருஷம் வந்த முதல் இசைத்தட்டிலே அவர் பாடியது, பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃபின் கீர்த்தியோடு பிரிக்கமுடியாதபடி ஒட்டிக்கொண்டிருந்த 'மிலார்ட்'. இருபது வயதுப் பெண் அப்படிப்பட்ட உருப்படியில் கைவைத்ததைத் துணிச்சல் என்பதா, அறியாமை என்பதா என்று அன்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

1961 இல் முதல் தடவையாகச் சான்ரெமோ மேடையேறியபோது மூன்றாம் பரிசு கிடைத்தது. அடுத்த வருஷம் 'இத்தாலிய டாங்கோ' என்ற பாட்டுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசைத் தொமெனிகோ மொதுன்யோவும் கிளாவுதியோ வில்லாவும் தட்டிக்கொண்டு போனார்கள். அக்காலத்து இத்தாலியப் பத்திரிகைக்காரர்களுக்குப் பாடகிகளை மிருகங்களாகவும் பட்சிகளாகவும் வர்ணிப்பதில் ஒரு விபரீத ஆசை: மீனாவை கிரெமோனாவின் புலி என்றும், இவா ஸனிக்கியை லிகோன்கியோவின் கழுகு என்றும் அழைத்தவர்கள், மில்வாவுக்குக் கோரோவின் சிறுத்தை என்று பட்டம் சூட்டினார்கள். சிவந்த தலைமயிருக்காகவும் இடதுசாரிப் பற்றுக்காகவும் பிற்காலத்தில் சேர்ந்துகொண்ட 'சிவப்பி' என்ற பட்டம் இதைவிடப் பொருத்தமானது என்பேன். 'பெல்லா சாவ்' முதலிய விடுதலைப் பாட்டுக்களை 1965 ஆம் ஆண்டிலேயே அவர் பதிவு செய்திருந்தார்.

அந்த அறுபதுகளில் அவருக்கு வாய்த்த பாக்கியம், நாடக இயக்குநர் ஜார்ஜியோ ஸ்ட்ரேலரின் சகவாசம். யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் ஆவதற்குள், 1947 இல், பாவ்லோ கிராசி முதலியவர்களோடு சேர்ந்து மிலானில் பிக்கோலோ தியேட்டரைத் தொடங்கிய ஸ்ட்ரேலர், ஜெர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்டை இத்தாலிக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். ஒரு சொல்லின் தொனி சரியாக அமையாவிட்டால் ஒத்திகையை மேலே நகரவிடாத கண்டிப்புக்காரர். பிரெக்டின் கொள்கையில் பாட்டு என்பது கதையின் நடுவே வந்து மனத்தை உருக்கும் சிங்காரமல்ல. கதையை நிறுத்திவிட்டு, நடிப்பவர் சபையைப் பார்த்து, நடந்ததை இன்னொரு கோணத்திலிருந்து காட்டும் சாதனம். ஆகையால் நாதத்தின் இனிமைக்காக வார்த்தையைத் தியாகம் செய்யும் பாடகர்களுக்கு அங்கே இடமில்லை. மில்வாவின் சாரீரமோ இயற்கையிலேயே கனமானது. கீழ்ஸ்தாயியில் இருண்டு, மேலே போகும்போது வெண்கலம் போலக் கணீரென்று ஒலிப்பது. அந்தக் கனத்தை அடக்கி, உச்சரிப்பை முன்னால் நிறுத்தவும், துக்கத்தைத் தான் அழாமல் சபைக்குச் சொல்லவும் ஸ்ட்ரேலர் கற்றுக்கொடுத்தார். 1973 இல் அவர் மேடையேற்றிய பிரெக்டின் 'மூன்று காசு ஓபரா'வில் மில்வா, ஜென்னி என்னும் தாசியாக வந்தார். கொள்ளைக்காரன் மெக்கியாக வேஷம் தரித்தவர், பதினொரு வருஷத்துக்கு முன் சான்ரெமோவில் அவரை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிய அதே மொதுன்யோ! அந்த நாடகத்துக்கு இசையமைத்த குர்ட் வைலின் மெட்டுக்களைப் பாட ஓபராக் கலைஞர்களைத் தேடாமல் ஜனரஞ்சகப் பாடகர் இருவரை ஸ்ட்ரேலர் அழைத்ததில் ஒரு நுட்பமான நியாயம் இருக்கிறது. வைல் கேட்டதும் தெருவின் குரலைத்தானே!

பின்னால் வந்தவை யாவும் இந்தப் பயிற்சியின் பலன் என்றே எனக்குத் தோன்றுகிறது. நவீன சங்கீதத்தின் முன்னணியில் நின்ற லூசியானோ பெரியோ, எழுத்தாளர் இட்டாலோ கால்வினோவின் வசனத்தைக் கொண்டு இயற்றிய 'உண்மைக் கதை' என்ற இசைநாடகம் 1982 இல் லா ஸ்காலாவில் அரங்கேறியபோது, தேர்ந்த ஓபராக் குரல்களுக்கு நடுவே, சந்தையில் நின்று கதை பாடுகிறவளாக நின்றவர் மில்வா. வந்த காரியத்துக்கு வேண்டியது ஓபராச் சாரீரம் அல்ல என்பதைப் பெரியோ அறிந்தே அவரை அமர்த்தியிருந்தார். அதே வருஷத்தில்தான் பிராங்கோ பத்தியாத்தோவின் 'அலெக்ஸாண்டர்பிளாட்ஸ்' என்ற ஜனரஞ்சகப் பாட்டையும் அவர் பிரபலமாக்கினார். இந்த இரண்டையும் ஒரு வருஷத்தில் செய்யக்கூடியவர் அன்று ஐரோப்பாவில் வேறு எத்தனை பேர்?

1984 இல் பாரிஸ் நகரத்து பூஃப் து நோர் அரங்கில், பந்தோனியோன் வாத்திய மேதை ஆஸ்டர் பியாசோலாவோடு அவர் நடத்திய டாங்கோக் கச்சேரியின் பதிவு இன்றும் கிடைக்கிறது. இத்தாலியிலிருந்து அர்ஜென்டினாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தில் வந்தவர் பியாசோலா. அவருடைய புகழ்பெற்ற 'லிபர்டாங்கோ' 1974 இல் பதிவானதும் மிலானில்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் விழாவுக்காகச் செய்யப்பட்ட போலி டாங்கோவைப் பாடி இரண்டாம் பரிசு வாங்கியவர், இப்போது அசல் டாங்கோக்களைச் சிருஷ்டித்தவர் பக்கத்தில் நின்று, வாத்தியங்கள் ஐந்தும் சீறி எழும்போது அவற்றின்மேல் குரலைக் கொட்டாமல், பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட ஒரு நடையில் கதை சொல்லிக்கொண்டு போகிறார். மில்வாவை அறிய விரும்புகிறவர்கள் இந்தப் பதிவிலிருந்து தொடங்கலாம்.

எல்லாமே இந்தத் தரத்தில் இருந்தன என்று சாதிப்பது அபிமானமாகுமேயன்றி விமரிசனமாகாது. ஜெர்மனியில் அவருக்குக் கிடைத்த செல்வாக்கு அபாரமானது; அந்தப் பாஷையிலேயே பாடி, கிரேக்க இசைமேதை தியோடராகிஸின் மெட்டுக்களை 1978 இல் வீடுதோறும் சேர்த்தார்; 2006 இல் அந்நாட்டு அரசின் விருதும் பெற்றார். ஆனால் எண்பதுகளின் மின்வாத்தியப் பின்னணியோடு வந்த ஜெர்மன் தட்டுக்களில் சில, குரல் எவ்வளவோ முயன்றும் காலத்தின் துருவை உதறமுடியாமல் கிடக்கின்றன. அவற்றைவிட, மனநோய் விடுதியில் பல வருஷங்களைக் கழித்த மிலான் கவிஞர் அல்தா மெரினியின் கவிதைகளை 2004 இல், அறுபத்தைந்தை நெருங்கும் பிராயத்தில், தேய்ந்த குரலோடு அவர் பாடியது உயர்வு.

சான்ரெமோவை மட்டும் அவர் விடவேயில்லை. 2007 இல் பதினைந்தாம் தடவையாக அங்கே போட்டியிட்டார். ஒருமுறைகூட முதல் பரிசு கிடைக்கவில்லை. 1993 இல் முதல் சுற்றிலேயே வெளியேற்றவும் செய்தார்கள். 2010 இல், இனித் தம்மால் தமக்குத் திருப்தியாகப் பாட முடியாது என்று எழுதிவிட்டு மேடையை விட்டு விலகினார். எட்டு வருஷங்களுக்குப் பிறகு, 2018 இல், சான்ரெமோ விழாக்குழு வாழ்நாள் சாதனைக்கான விருதை அவருக்கு வழங்கியது. வாங்கிக்கொள்ள மகளை அனுப்பினார்.